சாக்ரடீஸ் நம் நாட்டுக்கு வந்த வழி



கிரேக்க ஞானி சாக்ரடீஸ் மறைந்து 2,400 ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவர் சிந்தனையின் செல்வாக்கு இன்றும் குன்றவில்லை என்று சொல்வது எளிது. அதற்குச் சான்றாக மேனாட்டு நூல்களை அடுக்குவதும் எளிது. நான் அதைச் செய்யப் போவதில்லை. அவர் நம் நாட்டுக்கு எவ்வழியாக வந்தார், வந்து என்ன செய்தார் என்பதை மட்டும் இன்று சொல்ல விரும்புகிறேன். அவ்வழியில் ஒரு சிறைச்சாலை இருக்கிறது; ஓர் அச்சுக்கூடம் இருக்கிறது; பெயர் தெரியாத ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருக்கிறார். மூன்றாமவர் என் தொழிலைச் சேர்ந்தவர் ஆகையால், அவரிடத்தில் எனக்குச் சற்றுக் கூடுதலான அக்கறை உண்டு.

என் தொழில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கையை இந்தியாக்குவேன். இந்தியில் வருவதை ஆங்கிலமாக்குவேன். தமிழுக்கு அங்கே இடமில்லை. அது வீட்டிலும், அல்சூர்ச் சந்தையிலும், இத்தகைய வானொலிப் பேச்சிலுமே என்னிடம் எஞ்சியிருக்கிறது. வேற்று மாநிலத்தில் வாழும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, காந்தி ஜயந்திக்காக எங்கள் அலுவலக இந்தி மலரில் ஒரு கட்டுரை எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது. பெங்களூரில் குமார பூங்காவையடுத்துக் காந்தி பவனம் இருக்கிறது. 1927இல் காந்தியடிகள் உடல் நலம் குன்றி, முதலில் நந்தி மலையிலும் பிறகு இந்தக் குமார பூங்காவிலும் தங்கி இளைப்பாறினார். அங்கே சென்று, நூறு தொகுதிகளாக வெளிவந்துள்ள அவருடைய எழுத்துகளில் எட்டாம் தொகுதியைக் கையிலெடுத்தேன். எதையோ தேடிப் புரட்டியபோது, 1908ஆம் ஆண்டின் நடுவே, சற்றும் எதிர்பாராத வகையில், ஏதென்ஸ் நகரத்து நீதிமன்றம் என் கண்முன் வந்து நின்றது.

நடந்தது இதுதான். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில், இந்தியர் ஒவ்வொருவரும் விரல் ரேகை பதித்துப் பதிவுச் சீட்டுப் பெற வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. காந்தி பணிய மறுத்தார். 1908 ஜனவரி 10ஆம் நாள் ஜோஹானஸ்பர்க் நீதிமன்றம் அவருக்கு இரண்டு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அதே நீதிமன்றத்தில் அவர் வழக்கறிஞராகப் பலமுறை நின்று வாதாடியவர். ஓர் உடன்பாடு ஏற்பட்டதால் ஜனவரி 30ஆம் நாளே விடுதலையாகிவிட்டார். அந்தச் சில வாரங்களில் அவர் சிறையில் படித்த நூல்களின் பட்டியலை அவரே எழுதி வைத்திருக்கிறார். கீதை, குர்ஆன், பைபிள், டால்ஸ்டாய், ரஸ்கின், கார்லைல் என்று செல்லும் அந்த வரிசையில், சாக்ரடீஸைப் பற்றிப் பிளேட்டோ எழுதிய உரையாடல்களும் இருந்தன.

வெளியே வந்தவர் அதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பில் அச்சாகி வந்த அவருடைய 'இந்தியன் ஒப்பீனியன்' வார இதழின் குஜராத்திப் பக்கங்களில், ஏப்ரல் மாதத்திலிருந்து மே மாதம் வரை, சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் நிகழ்த்திய வாதத்தைத் தொடராகச் சுருக்கி எழுதினார். பிறகு அது சிறு நூலாகவும் வெளிவந்தது. அவர் இட்ட தலைப்பு 'ஏக் சத்தியவீர்நீ கதா'. ஒரு சத்தியவீரனின் கதை என்று நாம் சொல்லலாம்.

அந்த வாதத்தின் சுருக்கத்தை நேயர்களுக்கு நினைவூட்டி விடுகிறேன். கி.மு. 399இல், எழுபது வயதான சாக்ரடீஸ், நகரத்துத் தெய்வங்களை மதிக்கவில்லை என்றும் இளைஞரைக் கெடுத்தார் என்றும் குற்றஞ்சாட்டப்பட்டார். சுமார் 500 குடிமக்கள் நடுவராக அமர்ந்தனர். அவர் கண்ணீர் விடவில்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தி இரக்கம் தேடவில்லை. தெருவிலும் கடைவீதியிலும் எல்லோரையும் கேள்வி கேட்பது தமக்கு இறைவன் இட்ட பணி என்றும், அதை நிறுத்தினால் விடுவிக்கிறோம் என்று நீங்கள் சொன்னாலும் தாம் நிறுத்த மாட்டார் என்றும் கூறினார். முப்பது வாக்குகள் இடம் மாறியிருந்தால் தப்பியிருப்பார். குற்றவாளி என்று தீர்ந்த பிறகு, உமக்கு என்ன தண்டனை தகும் என்று கேட்டார்கள். ஒலிம்பிக் பந்தயத்தில் வென்றவர்களுக்கு அளிப்பதைப் போல் அரசு மண்டபத்தில் தமக்கு உணவளிப்பதே தகும் என்றார்! நடுவர்களின் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டல்லவா? மரண தண்டனை விதித்தார்கள்.

இக்கதையைக் குஜராத்தியில் தருமுன் காந்தி எழுதிய முன்னுரைதான் என்னை நிறுத்தி வைத்தது. சாக்ரடீஸ் ஒரு பெரிய சத்தியாக்கிரகி என்று அவர் சொல்கிறார். 'சத்தியாக்கிரகம்' என்ற சொல்லே அப்போது பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் ஒரு போட்டி வைத்து, வந்த சொல்லைத் திருத்தி, அண்மையில்தான் அதை ஆக்கியிருந்தார்கள். அந்தப் புதுச் சொல்லை 2,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒருவர் மீது காந்தி பொருத்துகிறார். அதோடு நிற்கவில்லை. அவர் சத்தியாக்கிரகம் செய்தது தம் சொந்த மக்களுக்கு எதிராக என்றும் சொல்கிறார். நோய் நமக்குள்ளே இருக்கும்போது வெளியாரை மட்டும் குறை கூறுவதால் பயனில்லை என்பது அம்முன்னுரையின் சாரம்.

ஏன் இந்த அழுத்தம்? நாட்குறிப்பைப் பார்த்தால் விளங்கும். அத்தொடர் தொடங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பு, பிப்ரவரி 10ஆம் நாள், உடன்பாட்டின்படி பதிவு செய்துகொள்ளக் காந்தி நடந்து சென்றபோது, அவர் தம்மை விற்றுவிட்டார் என்று கருதிய இந்தியர் சிலரே வழியில் மறித்து அடித்து வீழ்த்தினார்கள். அவ்வடியைத் தடுக்கப் பாய்ந்து தாமும் காயமுற்றவர் தம்பி நாயுடு. மொரீஷியஸில் பிறந்த தமிழர் என்று காந்தி அவரைக் குறிப்பிடுகிறார். காயத்தின் தழும்பு மறையுமுன் எழுதப்பட்டது அந்த ஏதென்ஸ் கதை. சொந்த ஊராரால் தண்டிக்கப்பட்ட ஒருவரின் சொற்கள் அவருக்கு அப்போது வெறும் இலக்கியமாக இருந்திருக்க முடியாது.

இனி அந்த மொழிபெயர்ப்பாளரிடம் வருவோம். 1910இல் இந்தியாவில் புதிய பத்திரிகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் பம்பாய் அரசாங்கம் ஃபீனிக்ஸ் அச்சகத்தின் நான்கு வெளியீடுகளை, ராஜத்துரோகமான செய்திகள் அடங்கியவை என்று கூறிப் பறிமுதல் செய்தது. 'ஹிந்த் ஸ்வராஜ்' அவற்றுள் ஒன்று. ரஸ்கினின் நூலைத் தழுவிய 'சர்வோதயம்' ஒன்று. எகிப்தியத் தலைவர் முஸ்தபா காமில் பாஷாவின் சொற்பொழிவு ஒன்று. நான்காவது நம் சாக்ரடீஸ். பிளேட்டோவின் இதே நூலை ஆங்கிலத்தில் யாரும் வாங்கலாம், படிக்கலாம். எந்த அதிகாரியும் கேட்க மாட்டார். குஜராத்தியில் வந்ததும் அது ராஜத்துரோகமாயிற்று.

அரசாங்கத்தில் யாரோ ஒருவர் அதைக் குஜராத்தியில் படித்து, ஆங்கிலத்தில் குறிப்பெழுதி மேலதிகாரிக்கு வைத்திருக்க வேண்டும். அவர் யார், எந்த மனநிலையில் அதைச் செய்தார் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அறிவிப்பில் அந்நூலின் பெயரை 'மெய்யான வீரனின் கதை' என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் ஆக்கியிருந்தார்கள். பிற்காலத்தில் காந்தியின் எழுத்துகளைத் தொகுத்தவர்களோ அதையே 'சத்தியத்தின் படைவீரன்' என்று ஆக்கினார்கள். முன்னதில் சத்தியம் வெறும் அடைமொழியாகக் கரைந்துபோய், வீரன் மட்டும் நிற்கிறான். அரசாங்கத்தின் கண்ணில் பட்டதும் அவன்தான் போலும்.

'படைவீரன்' என்ற ஆக்கமும் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. படைவீரன் கட்டளைக்குக் கீழ்ப்படிபவன். சாக்ரடீஸ் கேள்வி கேட்பவர். இரண்டும் எப்படி ஒட்டும் என்று நினைத்தேன். பிறகு பிளேட்டோவின் நூலை மீண்டும் வாசித்தபோது என் அவசரம் புரிந்தது. சாக்ரடீஸ் உண்மையிலேயே போர்க்களம் கண்டவர். பொட்டிடேயா, டீலியம், ஆம்ஃபிபொலிஸ் என்று தாம் போரிட்ட மூன்று இடங்களையும் பெயர் சொல்லி, தளபதிகள் நிறுத்திய இடத்தில் உயிருக்கு அஞ்சாமல் நின்றவன், இறைவன் நிறுத்திய இடத்தை விட்டு ஓடுவேனோ என்று நடுவர்களைக் கேட்கிறார். பிறர் மொழிபெயர்ப்பைக் குறை கூறுமுன் மூலத்தை மறுமுறை பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். இருபது ஆண்டுப் பழக்கத்திற்குப் பிறகும் அது எனக்கு மறந்துபோயிற்று.

தடை எவ்வாறு முடிந்தது என்பதும் சுவையானதே. 1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடெங்கும் கடையடைப்பு நடத்தும் எண்ணம் காந்திக்குச் சென்னையில், ராஜாஜியின் விருந்தினராக இருந்தபோது, விடியற்கனவு போல் தோன்றியது. ஏப்ரல் 6ஆம் நாள் அது நடந்தது. சட்ட மறுப்பாக எதைச் செய்வது என்று தேர்ந்தபோது, தடை செய்யப்பட்ட நூல்களை விற்பது என்று முடிவாயிற்று. அந்தப் பட்டியலில் சாக்ரடீஸும் இடம்பெற்றார். அன்று மாலை பம்பாய்த் தெருக்களில் காந்தியே நின்று விற்றார். நான்கணா விலையுள்ள ஒரு பிரதிக்கு ஒருவர் 50 ரூபாய் கொடுத்ததை அவர் சத்திய சோதனையில் நினைவுகூர்கிறார். சிறைக்குச் செல்லத் தயாராக வந்தவர்கள் ஏமாந்தார்கள். விற்கப்பட்டது புதிய பதிப்பு, தடை பழைய பதிப்புக்கே உரியது, ஆகவே குற்றம் நிகழவில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட்டதாம்!

ஒரு தத்துவக் கேள்வியையும் இங்கே தவிர்க்க முடியாது. நீதிமன்றத்தில், நீங்கள் கட்டளையிட்டாலும் நிறுத்த மாட்டேன் என்று சொன்ன அதே சாக்ரடீஸ், பிறகு சிறையில் நண்பர் கிரீட்டோ தப்பிச் செல்ல வழி செய்து வந்தபோது, நகரத்தின் சட்டத்தை நான் மீற மாட்டேன் என்று மறுத்துவிடுகிறார். அறிஞர்கள் இவ்விரண்டையும் இணைக்க இன்றளவும் ஏடு ஏடாக எழுதுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் அதை ஏடில்லாமலே இணைத்துக் காட்டினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அநீதியான கட்டளைக்குப் பணிவதில்லை. அதற்குரிய தண்டனையிலிருந்து ஓடுவதுமில்லை. 1908 ஆகஸ்டு 16ஆம் நாள் ஜோஹானஸ்பர்க் மசூதி முன்பு ஈராயிரத்துக்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைக் கொளுத்தியவர்கள், அடுத்த வாரங்களில் வரிசையாகச் சிறை புகுந்தார்கள். 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய கடிதத்தில் சாக்ரடீஸின் பெயர் மூன்று முறை வருகிறது. கிங் காந்தியையும் கற்றவர் என்பது நேயர்கள் அறிந்ததே.

அந்தச் சிறைகளை நிரப்பியவர்களில் தமிழர் மிகப் பலர். 1909இல் சிறை முகாமிலிருந்து நோயோடு வெளிவந்து, ஜூலை 6ஆம் நாள் உயிர் நீத்த நாகப்பனுக்கு வயது பதினெட்டு. 1914 பிப்ரவரி 22ஆம் நாள் மறைந்த வள்ளியம்மைக்குப் பதினாறு. 1910இல் டிரான்ஸ்வாலிலிருந்து நாடு கடத்தப்பட்டுச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களுக்கு ஜி. ஏ. நடேசன் உணவும் இடமும் தேடிக் கொடுத்தார். ஆனால் சாக்ரடீஸின் கதை இவர்கள் கண்ணில் பட்டிருக்க வழியில்லை. 'இந்தியன் ஒப்பீனியன்' 1903இல் தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தியோடு தமிழ், இந்திப் பக்கங்களும் இருந்தன. சரியாக நடத்த ஆள் இல்லாமையால் அவ்விரண்டையும் 1906இல் நிறுத்திவிட்டார்கள். பெயருக்கு நடத்துவது ஒருவகை ஏமாற்று என்று காந்தி கருதினார். நேர்மையான காரணம்தான். எனினும், அதன்படி நின்றவர்களுக்கு அந்தக் கதை அவர்கள் மொழியில் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தந்தருகிறது. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை என்று சிலர் சொல்லலாம். அதுவும் உண்மையாயிருக்கக் கூடும்.

தமிழுக்கு அவர் பின்னர் வந்தார். இதே பெங்களூரின் சென்ட்ரல் கல்லூரியில் பயின்ற ராஜாஜி, அவர் கதையைத் தமிழில் எழுதினார். நூலின் பெயர் 'சோக்ரதர்'. ஆங்கிலேயர் வாயிலாக நாம் 'சாக்ரடீஸ்' என்கிறோம். சிவாஜி நகரில் என் அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில், அரபு நாட்டார் வழிவந்த 'சுக்ராத்' என்ற பெயரே வழங்குகிறது. ராஜாஜியோ ஈற்றில் நம் 'அர்' விகுதியைச் சேர்த்து, வீட்டுப் பெரியவரை அழைப்பது போல் மரியாதையாக அழைத்துவிட்டார். ரங்கூனில் பத்தாண்டுக் காலம் வாழ்ந்து, 1942இல் போரின்போது நடந்தே தாயகம் திரும்பிய வெ. சாமிநாத சர்மா, 'பிளேட்டோவின் அரசியல்' என்ற பெரு நூலைத் தமிழுக்குத் தந்தார். தமிழில் இத்தகைய பணிகளுக்குத் தாயகத்துக்கு வெளியே வாழ்ந்தவர்களும் தோள் கொடுத்திருக்கிறார்கள்.

நான் இங்கே சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்லக் கொஞ்சம் தயக்கம்தான். சாக்ரடீஸின் வாதத்தில் பலரும் விரைந்து கடந்துபோகும் ஒரு பகுதி உண்டு. கி.மு. 404இல் ஏதென்ஸில் முப்பதின்மர் கூடிக் கொடுங்கோலாட்சி நடத்தினார்கள். அவர்கள் சாக்ரடீஸையும் வேறு நால்வரையும் அழைத்து, சலாமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்து வருமாறு ஆணையிட்டார்கள். தம் குற்றத்தில் எல்லோரையும் பங்காளியாக்குவது அவர்கள் வழக்கம். மற்ற நால்வரும் சலாமிஸுக்குப் போனார்கள். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். முழக்கமும் இல்லை, ராஜினாமாக் கடிதமும் இல்லை.

அரசு ஊழியனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் அலுவலகத்தில் நான் இளையவனாக இருந்தபோது, சில குடும்பங்களுக்கு அனுப்ப வேண்டிய ஆங்கில அறிவிப்பொன்றை மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள். மறுப்பிருந்தால் 30 நாட்களுக்குள் எழுதித் தெரிவிக்கலாம் என்று அதன் கடைசியில் ஒரு வரி இருந்தது. ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும், அவ்வரியை விட்டுவிடுங்கள் என்றார் மேலே இருந்தவர். நான் வீட்டுக்குப் போகவில்லை. உட்கார்ந்து, அந்த வரியை விட்டுவிட்டு எழுதிக் கொடுத்தேன். நாள் கடந்த பிறகு முதியவர் ஒருவர் அறிவிப்பைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு வந்தார். மறுப்புத் தெரிவிக்க வழியுண்டா என்று என்னிடமே கேட்டார். தேதி முடிந்துவிட்டது ஐயா என்றேன். அவருக்கு அந்தத் தேதியே தெரிந்திருக்க நியாயமில்லை என்பதை நான் சொல்லவில்லை.

இப்போது அந்த வாதம் முழுவதையும் ஓய்வு நேரத்தில் தமிழில் எழுதி வருகிறேன். அச்சிடுவதற்கன்று, என் மகளுக்காக. அவள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆகவே நான் படிக்க, அவள் கேட்பது வழக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லியோன் கதைக்கு வந்தோம். சாக்ரடீஸ் வீட்டுக்குப் போய்விட்டார் என்று படித்துவிட்டு, இதன் பெருமையை எவ்வாறு விளக்கலாம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, அந்த லியோன் என்ன ஆனார்?"

கொன்றுவிட்டார்கள் என்றேன்.

"அப்படியானால் அவருக்கு யாராவது முன்னாடியே போய்ச் சொல்லியிருக்கலாமே?"

பிளேட்டோவின் நூலை அன்றிரவு மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அதற்கு விடை அங்கே இல்லை.